பத்தாண்டில் சிறந்த நாவல் எது?

மார்கழி முடிந்து தை பிறக்கும் சமயம். சென்னையில் புத்தகக் காட்சி நடக்கும். கூட்டம் அலைமோதும். கூடவே ஒரு சண்டையும் நடக்கும்.

அடிதடிச் சண்டை அல்ல. நாவல் சண்டை!

"கடந்த பத்து வருஷத்தில் தமிழில் வந்த நாவல்களில் சிறந்தது எது?" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும். "இதுதான்" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒரு நாவலா?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுப்பார். அதில் பத்துப் பெயர்கள் இருக்கும். பத்தில் இரண்டு அவருடைய நண்பர்கள் எழுதியவை!

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2024 ஜூலையில், இந்த நூற்றாண்டின் சிறந்த 100 புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. எழுத்தாளர்கள், விமர்சகர்கள் என்று 503 பேரைக் கேட்டுத் தயாரித்த பட்டியல். முதல் இடம் இத்தாலிய எழுத்தாளர் எலேனா ஃபெரான்டேயின் நாவலுக்குக் கிடைத்தது. (அது புனைபெயர். தாம் யார் என்பதை அவர் வெளியே சொன்னதில்லை.) பிறகு வாசகர்களையும் கேட்டுத் தனியாக ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் முதல் இடம் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டது!

நிபுணர்கள் சொல்வது ஒன்று, படிக்கிறவர்கள் சொல்வது ஒன்று. நம் நாட்டிலும் இதே கதைதான்.

"எழுத்தாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கும் சம்பந்தம் உண்டு. பட்டியலில் ஏறிய நாவலைப் பதிப்பாளர் மறுபடி அச்சிடுகிறார். கல்லூரியில் பாடமாக வைக்கிறார்கள். பிற மொழிகளில் பெயர்க்கிறார்கள். ஏறாத நாவல் முதல் பதிப்போடு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம் பிரதியாவது அச்சிடுவார்கள். இப்போது நூறு, இருநூறு பிரதி அச்சிட்டு, கேட்டால் மேலும் அச்சிடுவது என்ற முறை வந்துவிட்டது. யாரும் கேட்காத நாவல் அந்த இருநூறோடு சரி. நம் மகனும் மகளும் நாளைக்கு எதைப் படிக்கப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் இப்படித்தான் முடிவாகிறது.

பத்துக்கு ஏழு

முதலில் பரிசுப் பட்டியலைப் பார்ப்போம். சாகித்திய அகாடமி ஆண்டுதோறும் ஒரு தமிழ் நூலுக்குப் பரிசு கொடுக்கிறது. ஒரு லட்சம் ரூபாயும் செப்புப் பட்டயமும் உண்டு.

2011 முதல் 2020 வரை பத்துப் பரிசுகள். அதில் ஏழு நாவலுக்கே போயிருக்கின்றன.

2011-ல் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையைச் சுற்றி அறுநூறு ஆண்டுகளில் நடந்த காவலையும் களவையும் சொல்வது. 2012-ல் டி. செல்வராஜின் 'தோல்'. திண்டுக்கல் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிலாளர்கள் பட்ட பாடும் அவர்கள் நடத்திய போராட்டமும் இதில் வருகின்றன. 2013-ல் ஜோ டி குரூஸின் 'கொற்கை'. தூத்துக்குடிக் கடலோரத்துப் பரதவர்களின் கதை. 2014-ல் பூமணியின் 'அஞ்ஞாடி'. கரிசல் பூமியின் பல தலைமுறைகளும், 1895-ல் கழுகுமலையிலும் 1899-ல் சிவகாசியிலும் நடந்த கலவரங்களும் இதில் உண்டு.

அதன்பின் மூன்று ஆண்டுகள் கட்டுரைக்கும் சிறுகதைக்கும் கவிதைக்கும் பரிசு போயிற்று. 2018-ல் மறுபடி நாவல். எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்', நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. 2019-ல் சோ. தர்மனின் 'சூல்', கண்மாயை நம்பி வாழ்ந்த ஒரு கிராமத்தின் கதை. 2020-ல் இமையத்தின் 'செல்லாத பணம்'.

இந்த ஏழையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ராஜா இல்லை, ராணி இல்லை. தோல் பதனிடுகிறவர், தோணி விடுகிறவர், நாகஸ்வரம் வாசிக்கிறவர், மடை திறக்கிறவர். பழைய தொடர்கதைகளில் இவர்கள் வந்தால் கூட்டத்தில் ஒருவராக வந்து, கதாநாயகனுக்கு வணக்கம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த நாவல்களில் கதையே இவர்களுடையது. அந்தப் பத்தாண்டின் பெரிய விசேஷம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டே இரண்டு

இனி ஐம்பது வருஷம் பின்னே போவோம். 1961 முதல் 1970 வரை அதே பரிசு நாவலுக்கு எத்தனை முறை போயிற்று? இரண்டே முறை! 1961-ல் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1963-ல் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்'.

அந்தப் பத்தாண்டில் நல்ல நாவல்களுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்து, 1964-ல் புத்தகமாயிற்று. 1966-ல் அவருடைய 'அம்மா வந்தாள்' வந்தது. அதே ஆண்டில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'. 1968-ல் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்'. இன்றைக்குத் தமிழ் நாவல்களைப் பற்றிப் பட்டியல் போடுகிற எவரும் இவற்றை விட்டுவிட மாட்டார்கள். ஆனால் இவற்றில் ஒன்றுக்குக்கூட அன்று அந்தப் பரிசு கிடைக்கவில்லை.

ஜானகிராமனுக்குப் பரிசு வந்தது 1979-ல். அதுவும் சிறுகதைத் தொகுதிக்கு! சுந்தர ராமசாமிக்குக் கடைசிவரை வரவே இல்லை. 2005-ல் அவர் காலமாகிவிட்டார்.

இதற்கு விதியும் ஒரு காரணம். தலைவிதி அல்ல, பரிசு விதி! ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட ஐந்து வருஷங்களுக்குள் முதல் பதிப்பாக வந்த நூல்களை மட்டுமே பரிசீலிப்பார்கள். அந்த ஐந்து வருஷத்தில் நடுவர் கண்ணில் படாவிட்டால் கதவு மூடிவிடும். ஒருவருக்கு ஒருமுறைக்கு மேலும் கிடையாது. ஆகவே முதலில் எழுதிய நல்ல நூலைத் தவறவிட்டு, பிற்பாடு எழுதிய வேறொரு நூலுக்குக் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டுவதும் உண்டு. பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. பரிசு வந்தது முப்பத்திரண்டு வருஷம் கழித்து, வேறு நாவலுக்கு. அதற்கும் பிறகு 2019-ல் 'வெக்கை'யைத் தழுவி 'அசுரன்' என்ற சினிமா வந்தபோதுதான் பலருக்கு அந்த நாவலின் பெயரே தெரியவந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மு.வ.வையும் அகிலனையும் மட்டம் தட்டுவது இப்போது சிலருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. மு.வ.வின் நாவல்களைக் கல்யாண வீட்டில் பரிசாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவரும் அவருடைய தமிழைப் படிக்க முடிந்தது. அப்படிப் படித்துப் பழகியவர்கள்தான் பிறகு ஜானகிராமனிடம் போனார்கள். படி இல்லாமல் மாடி ஏது?

மதுரையில் ஓர் அறை

பரிசுப் பட்டியலில் இல்லாமல் போனவர்களாவது வாசகர் மத்தியில் பேரோடு இருந்தார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனவர் ஒருவர் உண்டு. அவர் ப. சிங்காரம்.

சிங்கம்புணரிக்காரர். 1920-ல் பிறந்தவர். இளம் வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவில் உள்ள மெடானுக்குப் போனார். இரண்டாவது உலக யுத்தத்தை அங்கே கண்ணால் பார்த்தார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் தனியாக நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்.

அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. இரண்டாவது 'புயலிலே ஒரு தோணி'. மெடான், பினாங்கு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், கடல், கள்ளத்தோணி, மதுரைத் தெருக்கள் என்று அதில் இல்லாததே இல்லை. எழுதி முடித்துப் பல வருஷம் பிரசுரமாகாமல் கிடந்தது. 1972-ல்தான் புத்தகமாக வந்தது.

அதன் பிறகாவது கொண்டாடினார்களா? இல்லை. சிங்காரம் மூன்றாவது நாவல் எழுதவில்லை. 1997 டிசம்பரில் காலமானார். அதற்கு அப்புறம்தான் மறுபதிப்பும் பாராட்டும். தமிழின் தலைசிறந்த நாவல் இதுதான் என்று சொல்கிறவர்கள் இப்போது பலர். 1970-களின் சிறந்த நாவல்கள் என்று இன்று பட்டியல் போட்டால் அதற்கு முதல் இடம் கொடுக்கப் பலர் தயார். 1980-ல் போட்டிருந்தால் பத்தாவது இடமாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

பட்டியல் போட்டவர்

பட்டியல் என்றதும் ஞாபகத்துக்கு வருகிறவர் காலஞ்சென்ற க.நா. சுப்ரமண்யம். இவர் தமிழ் நாவல்களைச் சலித்துச் சலித்துப் பட்டியல் போட்டவர். லட்சக்கணக்கானவர் படித்த தொடர்கதைகளுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் கொங்கு நாட்டுக் குடியானவப் பெண் ஒருத்தியைப் பற்றி ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்' என்ற சின்ன நாவலைத் தூக்கிப் பிடித்தார். அது இன்றும் அச்சில் இருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

சி.சு. செல்லப்பாவுக்கு இந்தப் பட்டியல் வேலை பிடிக்கவில்லை. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய அவர், "பெயரைச் சொன்னால் போதாது. காரணம் சொல்ல வேண்டும். அலசிப் பார்க்க வேண்டும்" என்ற கட்சி. இருவரும் நண்பர்கள்தான். ஆனாலும் வாதம் ஓயவில்லை.

என்னைக் கேட்டால் செல்லப்பா பக்கம்தான் நியாயம். காரணம் சொல்லாத பட்டியல், விலை எழுதாத மளிகைச் சீட்டு மாதிரி.

க.நா.சு. சேர்க்காத கல்கியை ஜனங்கள் விட்டுவிடவும் இல்லை. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகச் சினிமா ஆனபோது, தாத்தா படித்த கதையைப் பேரன் புதிதாக வாங்கிப் படித்தான். ஒரு புத்தகத்தை எழுபது வருஷமாகக் குடும்பம் குடும்பமாகப் படிக்கிறார்கள் என்றால், அதற்கு எந்த நடுவர் சான்றிதழ் தர வேண்டும்?

இன்றைக்கும் இந்த இரண்டு பட்டியலும் சேரவில்லை. இதற்கு ஒரே மனிதர் சாட்சி. 'காவல் கோட்டம்' எழுதிப் பரிசு வாங்கிய சு. வெங்கடேசன்தான், பிற்பாடு ஆனந்த விகடனில் 'வேள்பாரி' தொடரை எழுதினார். முதலாவதைப் பற்றி விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இரண்டாவதை வாரா வாரம் வீட்டில் உள்ளவர்கள் போட்டி போட்டுப் படித்தார்கள். எழுதின கை ஒன்று, பட்டியல் இரண்டு!

ஜெயமோகனின் 'வெண்முரசு' இன்னொரு சங்கடம். மகாபாரதத்தை 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினந்தோறும் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். பத்து நாவல் பட்டியலில் இதை ஒன்றாகக் கணக்கிடுவதா, இருபத்தாறாகவா? பட்டியல்காரர்கள் தலையைச் சொறிகிறார்கள்.

என் கணக்கு

சரி, பிறரைக் குறை சொன்னது போதும். 2011 முதல் 2020 வரை வந்தவற்றில் நீ எதைச் சொல்வாய் என்று கேட்பீர்கள். காரணத்தோடு சொல்கிறேன்.

முதலில் 'செல்லாத பணம்'. பொறியியல் படித்த பெண். வசதியான வீடு. ஆட்டோ ஓட்டுகிற ஒருவனைக் காதலித்துப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பெற்றோர் கையில் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் ஒன்றும் ஆகவில்லை. கதை பெரும்பாலும் தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. அழுகை, பேச்சு, மறுபடி அழுகை. குற்றவாளி யார் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. வீட்டில் பெண் பிள்ளை உள்ளவர்கள் படித்தால் இரவு தூக்கம் வராது. எளிய பேச்சுத் தமிழ். புதிதாகப் படிக்கக் கற்றவரும் படிக்கலாம்.

அடுத்தது 'சூல்'. ஒரு கண்மாய் எப்படிக் காக்கப்பட்டது, எப்படிக் கெட்டது என்பதுதான் கதை. நடுவில் சில இடங்களில் ஆசிரியர் கதையை நிறுத்திப் பிரசங்கம் செய்கிறார். அது குறைதான். ஆனால் மடைக்குடும்பன், கரை மரங்கள், மீன், நாரை என்று அவர் காட்டுகிற உலகத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது.

மூன்றாவது பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013-ல் வந்தது. சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்டு, புருஷன் ஊருக்கு வந்து சேருகிற ஒரு பெண்ணின் கதை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. தமிழ் நாவல் ஒன்று அங்கே போனது அதுவே முதல் தடவை. அவருடைய 'மாதொருபாகன்' இதைவிடப் பிரபலம். 2010-ல் வந்து, நாலு வருஷம் சத்தமில்லாமல் இருந்து, பிறகு பெரும் எதிர்ப்பு கிளம்பி, வழக்காகி, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நாவல் அது. தடை செய்யக்கூடாது என்பது வேறு, சிறந்த நாவல் என்பது வேறு. என் கணக்கில் 'பூக்குழி' ஒரு படி மேல்.

'அஞ்ஞாடி'யையும் சேர்ப்பேன். ஆனால் ஒன்று: ஆயிரம் பக்கத்துக்கு மேல்! அந்தக் காலகட்டத்து நாவலாசிரியர்கள் பலருக்கு ஆயிரம் பக்கம் என்பது ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பாராட்டுகிறவர்களில் எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை போனார்கள் என்று சத்தியம் வாங்கிக் கேட்க வேண்டும்.

கடல் தாண்டி வந்தவற்றையும் மறக்கக் கூடாது. ஈழப் போரில் சாதாரணக் குடும்பங்கள் சிதறியதைச் சொல்லும் சயந்தனின் 'ஆதிரை' 2015-ல் வந்தது. மலேசியாவில் ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' 2019-ல் வந்து, 2020 டிசம்பரில் அந்நாட்டு அரசால் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டியல் போடுகிறவர்கள் பாதிப் பேர் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

பெண்கள் எங்கே?

மேலே சொன்ன பத்துப் பரிசுகளையும் பெற்றவர்களை மறுபடி எண்ணிப் பாருங்கள். பத்துப் பேரும் ஆண்கள்! பத்து வருஷத்தில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. 2021-ல்தான் அம்பைக்கு வந்தது, சிறுகதைகளுக்காக.

பெண்கள் நாவல் எழுதவில்லையா? எழுதினார்கள். சல்மாவின் 'மனாமியங்கள்' 2016-ல் வந்தது. முஸ்லிம் வீடுகளில் பெண்கள் வாழும் வாழ்வை உள்ளே இருந்து சொல்கிற நாவல். அதே ஆண்டில் தமிழ்நதியின் 'பார்த்தீனியம்'. இந்திய அமைதிப்படை ஈழத்தில் இருந்த காலத்தைப் பற்றியது. இவற்றுக்கு மேலே சொன்ன ஏழைவிட என்ன குறை என்று எந்த நடுவரும் விளக்கியதாக நான் படித்ததில்லை. வீட்டில் கதைப் புத்தகம் அதிகம் படிப்பது யார்? பெண்கள். நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது யார்? அநேகமாக ஆண்கள்.

பத்துக் காசு

பெரிய நாவல் ஒன்று வாங்கினால் கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அப்படியானால் எப்படிப் படிப்பது? நூலகத்தில்தான்.

சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாகாணத்தில்தான். ஆண்டு 1948. அந்தச் சட்டத்தின் கீழ் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்துக் காசு. வாடகை வீட்டுக்காரரும் வாடகையில் அதைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே கிளை நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாவலும் நம் காசில் வாங்கியது. "இன்ன நாவல் வேண்டும்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

புதுக்கோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். 1990-களில் அறிவொளி வகுப்பு நடந்தபோது எழுத்துக் கற்றவர். அதுவரை கைநாட்டு. முன்பு பஸ்ஸின் பெயர்ப் பலகையைத்தான் படிப்பார். பிறகு பத்திரிகை. இப்போது கதைப் புத்தகம். விரலை வைத்து மெதுவாகப் படிப்பார். பேத்தி கல்லூரிப் பாடத்துக்காக வைத்திருந்த 'பூக்குழி'யை எடுத்து, இருபது நாளில் முடித்தார்.

நான் போயிருந்தபோது முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, கடைசியிலே அந்தப் புள்ளை பொழச்சுச்சா, இல்லையா? எழுதினவரு சொல்லாம விட்டுட்டாரே!"

ஆசிரியர் வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார் என்றேன். "அதெப்படி விடலாம்? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலே" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவரு வேற கதை எழுதியிருக்காரா?" என்று கேட்டார்.

ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனோம். அந்த ஆசிரியரின் புத்தகம் ஒன்றும் அங்கே இல்லை. ஒரு காகிதம் வாங்கி, புத்தகத்தின் பெயரை என்னைச் சொல்லச் சொல்லி, தாமே எழுத்துக் கூட்டி எழுதினார். கீழே கையெழுத்தும் போட்டு நூலகரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.